வலியுல்லாவின் முகம்: கேகாலையிலிருந்து கூரகல வரை

முகலாயர் காலத்துச் சிற்றோவியங்களில் வலிமார் எனப்படும் இறைநேசர்கள் பெரும்பாலும் மரத்தடியிலோ குகை வாசலிலோ அமர்ந்திருப்பார்கள். வெண்தாடி, ஒட்டுப்போட்ட அங்கி, விரல்களுக்கிடையே தஸ்பீஹ் மணி, தலையைச் சுற்றி மெல்லிய பொன்வட்டம். அரசரின் உடைவாளுக்கும் தலைப்பாகை மணிக்கும் வண்ணத்தை வாரிக் கொடுக்கும் அதே ஓவியர், வலிமாரிடம் வரும்போது கையைச் சுருக்கிக்கொள்வார். தாளின் நிறத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டின் மேல் நீர்த்த சாயத்தை மட்டும் ஓட்டும் ‘நீம்கலம்’ முறை இத்தகைய படங்களில் அதிகம் கையாளப்பட்டது. துறவியை வரைய அதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது.

18ஆம் நூற்றாண்டுப் படங்கள் சிலவற்றில் இந்த வலிமார் வட்டமாகக் கூடியிருக்கிறார்கள். அஜ்மீரின் முயீனுத்தீன் சிஷ்தி, டெல்லியின் குத்புத்தீன் பக்தியார் காக்கி, பஞ்சாபின் பாபா ஃபரீத் ஆகியோரோடு ஷெய்கு முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியும் அமர்ந்திருப்பார். ஜீலானி மறைந்தது பக்தாதில், 1166இல். பாபா ஃபரீத் அதற்கும் பின்னால் பிறந்தவர். ஒரே கம்பளத்தில் இவர்களை உட்கார வைத்த ஓவியருக்கு ஆண்டுக்கணக்கு பொருட்டாகப் படவில்லை. அருளின் வழியில் உறவானவர்கள் ஒரே அவையில் இருப்பது அவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

இதே ஜீலானி, இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களுடைய நம்பிக்கைப்படி, சப்ரகமுவ மலைகளுக்கு வந்து ஒரு குகையில் நெடுங்காலம் தவமிருந்தார். பலாங்கொடைக்கு அப்பால் மலை முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பில் இருக்கும் கூரகல என்ற அந்த இடத்துக்கு முஸ்லிம்களிடையே தப்தர் ஜெய்லானி என்று பெயர். வடக்கே பல நூறு தாள்களில் முகம் பெற்ற இறைநேசர்களின் தலைவர் இங்கே எந்தச் சுவரிலும் வரையப்படவில்லை. கேகாலையில் தொடங்கி இரத்தினபுரி வழியாக அந்தக் குகைக்குப் போகும் பாதை, ஓவியம் இல்லாத ஊரில் ஒரு முகம் எப்படி நினைவில் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறது.

கேகாலை, மாவனெல்லை

கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையை நெருங்கும்போது இருபுறமும் ரப்பர் மரங்கள். விடியுமுன்னே பால் வெட்டத் தொடங்கியவர்கள், வெயில் ஏறும் நேரத்தில் வாளிகளோடு நிறுவைக்கு வருகிறார்கள். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களோடு ஒப்பிட்டால் இங்குள்ள தமிழர் எண்ணிக்கையில் குறைவு. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிய லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் சிங்களம் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் பழக்கம்.

லயத்து அறைகளின் சுவர்கள் படங்களால் நிறைந்தவை. முருகன், மாரியம்மன், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, சில வீடுகளில் நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள். பழைய காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவையும் உண்டு. படத்துக்கு முன் விளக்கு, விபூதி, காலையில் பறித்த செவ்வரத்தம்பூ. பார்ப்பதுதான் இங்கே வழிபாடு. கண்ணோடு கண் சேர வேண்டும். நாகூர்ப் படத்துக்கும் அதே பூதான், அதே ஊதுவத்திதான். ஆனால் நாகூர்ப் படத்தில் நாகூர் ஆண்டவரான ஷாஹுல் ஹமீது இருக்கமாட்டார். கோபுரங்களும் கொடியும் கடலும் இருக்கும்.

மாவனெல்லைக் கடைத்தெரு முஸ்லிம்களின் நெடுங்கால வாழ்விடம். கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால முஸ்லிம் குடும்பத்தின் ஊரான கெட்டபேரியாவும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள கடைச் சுவர்களில் கஃபாவின் படம், மதீனாவின் பச்சைக் குப்பா (குவிமாடம்), பொன் எழுத்தில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம். மனித உருவம் இல்லை. உயிருள்ளவற்றை வழிபாட்டு இடத்தில் வரையக் கூடாது என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் மார்க்க நிலைப்பாடு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டவழியும் அதையே சொல்கிறது. முகலாய அரண்மனையில் நடந்தது அந்த விதிக்கு வெளியே, தனியார் தொகுப்புகளின் தாள்களுக்குள் நடந்தது. முரக்கா எனப்பட்ட அந்தத் தொகுப்புகளை அரச குடும்பத்தாரும் அவர்களுக்கு நெருங்கியவர்களும் மடியில் வைத்துப் புரட்டினார்கள். பள்ளிவாசல் சுவருக்கு அவை போனதில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைக்காமல் அந்தப் படங்களைப் பார்ப்பவர், இஸ்லாம் உருவங்களை வணங்கிய ஒரு காலம் இருந்ததாகத் தவறாக எண்ணிவிடக்கூடும்.

இரத்தினபுரி

ரப்பர் காடுகளைக் கடந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு வந்தால் களு கங்கையின் ஈரம் முகத்தில் அடிக்கிறது. வயல்களுக்கு நடுவே ஓலைக் கூரை போட்ட மாணிக்கக் குழிகள். அடியிலிருந்து தூக்கிய, ‘இல்லம்’ எனப்படும் மாணிக்க மண்ணை மூங்கில் கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றுகிறார்கள். காலையில் ஸாவியா வீதியில் கூடும் மாணிக்கச் சந்தையில் வெள்ளைத் தாள் மடிப்புகளைத் திறந்து காட்டும் வியாபாரிகளில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் கலந்து நிற்கிறார்கள். கல்லை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்க்கும் அந்தப் பார்வையில் நிதானம் உண்டு. வாங்குபவர் அவசரப்படுவதில்லை, விற்பவரும் வற்புறுத்துவதில்லை.

அந்த நிதானம் சிற்றோவியக் கலைக்கும் அடிப்படை. தாளைக் கவிழ்த்து வைத்து அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பாக்குவார்கள். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால் தாடியின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இழுப்பார்கள். பதக்ஷானிலிருந்து வந்த லாஜவர்த் என்னும் நீலநிறக் கல்லை அரைத்து வானத்துக்கு நிறம் எடுத்தார்கள்.

ஜஹாங்கீரின் அவையில் இருந்த பிசித்ர் என்னும் ஓவியர் இந்தக் கலையின் உச்சங்களில் ஒருவர். அவர் வரைந்த முயீனுத்தீன் சிஷ்தியின் படம் இன்று டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. வெண்ணிற அங்கியில் நிற்கும் முதியவர் இரு கைகளிலும் ஓர் உலக உருண்டையை ஏந்தியிருக்கிறார். அதன் மேல் தைமூரிய முடி. அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள இன்னொரு தாளில் ஜஹாங்கீர் நிற்கிறார். 1236இல் மறைந்த ஷெய்கு, நான்கு நூற்றாண்டு கழித்து வந்த பேரரசனுக்கு உலகத்தைக் கையளிக்கிறார். இதில் பக்தியும் உண்டு, அரசியலும் உண்டு. ஆட்சிக்கு வலியின் ஆசி இருக்கிறது என்று காட்ட வேண்டிய தேவை அரசனுக்கு இருந்தது.

அதே பிசித்ர் 1615–1618 அளவில் வரைந்த இன்னொரு படம் வாஷிங்டனில் இருக்கிறது. மணற்கடிகையின் மேல் அமர்ந்த ஜஹாங்கீர், உதுமானிய சுல்தானையும் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னரையும் காத்திருக்க வைத்துவிட்டு ஒரு வெண்தாடி ஷெய்குக்குப் புத்தகம் கொடுக்கிறார். கீழ்மூலையில், கையில் ஒரு படத்தோடு நிற்கும் இந்து மனிதர் பிசித்ர்தான். ஒரு முஸ்லிம் ஞானியின் முகத்துக்கு இத்தனை மரியாதையோடு உயிர் கொடுத்தவர் இந்து. நாகூர்ப் படத்துக்குப் பூ வைக்கும் லயத்து அறைக்கு அவர் அந்நியர் அல்லர்.

ஆனால் இந்தப் படங்களின் உள்ளர்த்தத்தை அரசர்களைவிட ஓர் இளவரசி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஷாஜஹானின் மகள் ஜஹானாராவும் அவருடைய தம்பி தாரா ஷிகோவும் ஜீலானியின் காதிரிய்யா வழியில் சேர்ந்தவர்கள். லாகூரில் 1635இல் மறைந்த மியான் மீரின் சீடரான முல்லா ஷா அவர்களுடைய குரு. முல்லா ஷாவைத் தம்பியின் ஓவியர் வரைந்திருந்தார். அந்தப் படத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி ஜஹானாரா தம்முடைய சிறிய பாரசீக நூலில் எழுதியிருக்கிறார். குருவின் முகத்தை மனதில் நிறுத்தித் தியானிக்கும் ‘தஸவ்வுர்’ சூஃபிகளின் பயிற்சிகளில் ஒன்று. அரண்மனைப் பெண்ணால் நினைத்தபோது குருவிடம் போய் அமர முடியாது. தாள் அந்தத் தூரத்தைக் குறைத்தது. இப்படிப் பார்த்தால் வலிமாரின் சிற்றோவியங்களை வெறும் அரண்மனை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. அவை தியானத்துக்கான கருவிகள்.

பலாபத்தல

இரத்தினபுரியிலிருந்து கிலிமலை வழியாகப் பலாபத்தலவுக்குப் போகும் வீதி, சிவனொளிபாதமலைக்கு ஏறும் பழைய பாதையின் தொடக்கம். ஹட்டன் பக்கத்துப் படிகளைவிட இது நீளம், கடினம், கூட்டமும் குறைவு. 2,243 மீட்டர் உச்சியில் இருக்கும் காலடிக் குழிவை பௌத்தர்கள் புத்தருடையதாகவும், சைவர்கள் சிவனுடையதாகவும், முஸ்லிம்கள் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியுடையதாகவும் கொள்கிறார்கள். முஸ்லிம்களின் வழக்கில் அது பாவா ஆதம் மலை. சிங்களவருக்கு இந்த மலையின் காவல் தெய்வமான சமன், வெள்ளை யானையோடும் பின்னால் மலைமுடியோடும் வரையப்படுகிறார்; இரத்தினபுரிக்கு அருகே அவருடைய பெரிய தேவாலயம் இருக்கிறது. பாவா ஆதமுக்கு அடிச்சுவடு மட்டும்தான்.

1344இல் இந்த மலையேறிய இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் கொடுத்த பல்லக்கோடும் துணையாட்களோடும் வந்தார். துணைக்கு வந்தவர்களில் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர். ஒரு மொரோக்கோ முஸ்லிம் ஆதமின் காலடியைத் தேடி யோகிகளோடு காட்டுக்குள் நடந்த காட்சியை எந்த முகலாய ஓவியரும் வரைந்ததாகத் தெரியவில்லை; வரைந்திருந்தால் அவர்களுடைய கைக்கு மிகவும் பிடித்த கருவாக அது இருந்திருக்கும். யோகிகளும் ஃபக்கீர்களும் ஒரே நெருப்பைச் சுற்றி அமரும் காட்சி சிற்றோவியங்களில் திரும்பத் திரும்ப வருவது.

இப்னு பதூதா கேட்டு எழுதிய கதை இன்னும் அருமையானது. ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் சீடர்களோடு இந்த மலைக்கு வந்தார். வழி தவறிப் பசியில் வாடிய சீடர்கள், அவர் தடுத்தும் கேளாமல் ஒரு யானைக் கன்றைப் பிடித்து அறுத்துத் தின்றார்கள். அன்றிரவு யானைகள் நாலாபுறமிருந்தும் வந்தன. உறங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கை முகர்ந்தபோது இறைச்சி வாடை இல்லை. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, குடியிருப்பு இருக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கியது. அதைப் பார்த்த ஊரார் வியந்து வணங்கினார்கள். அதற்குப் பிறகுதான் முஸ்லிம்கள் இம்மலைக்குத் தடையின்றி வர முடிந்தது என்று அவர் குறித்திருக்கிறார். சிங்கமும் புலியும் வலிமாரின் காலடியில் படுத்திருக்கும் வட இந்தியப் படங்களுக்கு, யானைகளின் நாடான சப்ரகமுவ கொடுத்த மறுமொழி இந்தக் கதை. இங்கே தூரிகையின் வேலையை வாய்மொழி செய்கிறது.

பாதையில் கிழ்ரு நபியின் பெயரில் ஒரு குகை இருந்ததாகவும் இப்னு பதூதா சொல்கிறார். மரணமில்லாதவராகக் கருதப்படும் கிழ்ரு, முகலாய, அவத் ஓவியங்களில் பச்சை அங்கியோடு மீனின் மேல் நின்று ஆற்றைக் கடப்பார். இலங்கையில் அவருடைய நினைவு கதிர்காமத்துப் பள்ளிவாசலோடும் சேர்ந்திருக்கிறது. அங்கும் அவர் பெயராலேயே அறியப்படுகிறார்.

பலாங்கொடை

பெல்மதுளையைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்குகிறது. ரப்பர் குறைந்து தேயிலை வருகிறது. பலாங்கொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மழைக்கும் வெயிலுக்கும் இடையே கொழுந்து பறிக்கும் பெண்கள், நிறுவை முடிந்ததும் கடைகளுக்கு வருகிறார்கள். நகரின் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், மதியம் சோறு. எருமைத் தயிரின் மேல் கித்துள் பாணியை ஊற்றித் தருவது இங்கே வழக்கமான இனிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் நாக்குக்குப் கருப்பட்டியில் இல்லாத புகைவாசம் அதில் தெரியும். கடைக்காரர் தோட்டத்துப் பெண்ணோடு தமிழிலும், அடுத்த மேசையில் இருக்கும் கிராமத்தவரோடு சிங்களத்திலும் பேசுகிறார். வாடிக்கைக்காரப் பெண்களை ‘அக்கா’ என்கிறார். அவர்கள் அவரை ‘நானா’ என்கிறார்கள்.

ஜெய்லானிக்குப் போகிறவர்கள் இந்நகரில் இறங்கித்தான் போக வேண்டும். அந்த இடத்தைப் பேணி வளர்த்ததில் பலாங்கொடைக் குடும்பங்களுக்குப் பங்கு உண்டு. இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த எம். எல். எம். அபூசாலி தப்தர் ஜெய்லானியின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 2002இல் வெளியிட்டார்.

ஜீலானியின் பெயர் தமிழில் வேரூன்றியது பாட்டின் வழியாக. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு முகியித்தீன் சதகம் பாடினார். மலையாளக் கரையில் 1607இலேயே கோழிக்கோட்டுக் காஜி முஹம்மது முஹியித்தீன் மாலையை இயற்றிவிட்டார். அது அங்கே வீடுதோறும் ஓதப்பட்டது. நாகூர் ஷாஹுல் ஹமீது ஜீலானியின் வழித்தோன்றலாகப் போற்றப்படுபவர். ஆக, கடலின் இருபுறமும் ஜீலானியின் உருவம் சொற்களில் எழுதப்பட்டது. மஸ்தான் சாகிபின் பாடல்கள் குருவை நேரில் அழைக்கின்றன, மன்றாடுகின்றன, உரிமையோடு கோபித்துக்கொள்ளவும் செய்கின்றன. ஜஹானாரா படத்தின் முன் அமர்ந்து அடைந்ததைத் தமிழ் முஸ்லிம்கள் மவ்லிது என்னும் புகழ்ப்பாக்களை ஓதும் சபையில் அடைந்தார்கள். ஒன்றில் கண், மற்றதில் காது. தனிமையில் பார்க்க வேண்டிய சிற்றோவியம் அரண்மனையோடு நின்றுவிட்டது. பலர் கூடிப் பாடிய பாட்டு தோட்டத்துக் கடைவரைக்கும் வந்து சேர்ந்தது.

கூரகல

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைக்குப் போகும் வீதியில் காற்று மாறுகிறது. தேயிலையின் ஈரப்பச்சை பின்னால் போய், உலர்ந்த மானாப் புல்லும் குட்டை மரங்களும் வருகின்றன. தஞ்சன்தென்ன சந்தியைக் கடந்து பிரியும் பாதை பாறைகளின் விளிம்பில் முடிகிறது. அங்கே நின்றால் மலைநாடு சட்டென்று அறுந்து, கீழே கல்தொட்டையின் வயல்களும் தொலைவில் உடவளவைப் பக்கத்துச் சமவெளியும் விரிகின்றன. காற்று ஓயாமல் அடிக்கிறது. நாகூரின் கடைத்தெரு இரைச்சலுக்கும் கடற்கரைக் கூட்டத்துக்கும் பழகியவர்களை இந்த வெட்டவெளி முதலில் திகைக்க வைக்கும்.

ஆதமின் காலடியைத் தரிசிக்க வந்த ஜீலானி இங்கே தங்கித் தவம் செய்தார் என்பது நம்பிக்கை. பன்னிரண்டு ஆண்டுகள் என்பார்கள். பாறைகளுக்குப் பெயர்கள் உண்டு: குறுகிய இருட்டுக் குகை இருக்கும் சுரங்க மலை, கப்பலின் முகப்பைப் போல வெளியே நீண்ட கப்பல் மலை. சுரங்கத்துக்குள் தவழ்ந்து போகிறவர்கள் கைவிளக்கோடு உள்ளே சென்று ஓதித் திரும்புகிறார்கள். பாறையின் ஒதுக்கில் பள்ளிவாசல் 1922இல் கட்டப்பட்டது.

ஜீலானியின் நினைவு மாதமான ரபீஉல் ஆகிரில் கொடியேற்றிக் கந்தூரி நடத்துவது வழக்கம். கிழக்கு மாகாணத்திலிருந்தும் மேற்குக் கரை ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வரும். ரிபாயி சூஃபி வழியைச் சேர்ந்த ஃபக்கீர்களான பாவாமார் தப்ஸ் என்னும் தோற்கருவியை அடித்து, ராத்திபு என்னும் திக்ருச் சடங்கை நடத்துவார்கள். பரவசம் ஏறும்போது ஊசியும் கத்தியும் உடலில் பாயும், இரத்தம் பெருகாது என்பது அவர்களுடைய உறுதி. நேர்ச்சைச் சோறு பெரிய பானைகளில் வேகும். ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடும் முறை இலங்கை முஸ்லிம்களின் விருந்துப் பண்பாடு. முன்பின் தெரியாதவர்கள் அந்த வட்டத்தில் உறவாகிவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் கம்பளத்தின் மேல் கூட்டிய வலிமாரின் வட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சஹனைச் சுற்றிய வட்டம் புதிதாக இராது.

கூரகல பௌத்தர்களுக்கும் புனித இடம். இங்குள்ள குகைகளில் பழைய பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. தொல்லியல் காப்பிடமாக இது அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே மனிதர் வாழ்ந்த நிலப்பகுதி இது. பலாங்கொடை மனிதன் என்று உலகம் அறிந்த தொல்குடியின் எச்சங்கள் இந்த வட்டாரத்தில் கிடைத்தவை. 2013ஐ ஒட்டி, பள்ளிவாசலை அகற்ற வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. சுற்றியிருந்த சில கட்டடங்கள் நீக்கப்பட்டன. பின்னர் பெரிய அளவில் பௌத்த விகாரைப் பணிகள் நடந்து, 2022இல் அரச வெசாக் விழாவும் இங்கே நடந்தது. மறுபுறம் முஸ்லிம்களுக்குள்ளேயே வலிமாரைச் சிறப்பிப்பதும் கந்தூரி எடுப்பதும் மார்க்கத்தில் இல்லாதவை என்று சொல்லும் சீர்திருத்த அமைப்புகள் வலுத்துவிட்டன. இரண்டு பக்க நெருக்கடியிலும் ஜெய்லானிக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இது மிகவும் மதிக்கத்தக்க பொறுமை. யாருடைய தொன்மை மூத்தது என்ற வழக்கில் பாவா ஆதம் மலையின் பழைய ஏற்பாடு, அதாவது ஒரே சுவட்டைப் பலரும் தத்தம் பெயரால் வணங்குவது, இங்கும் பின்பற்றத் தகுந்தது.

படம் முற்றிலும் இல்லாத இடம் என்றும் இதைச் சொல்ல முடியாது. சிற்றோவியத்தின் வாரிசுகளான அச்சுப் படங்கள் 20ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தர்கா வாசல்கள்தோறும் விற்கப்பட்டன. ஜீலானி மூழ்கிய படகைக் கரைசேர்க்கும் அற்புதம், சிஷ்தியின் அஜ்மீர், சிங்கத்தோடு இருக்கும் வலிமார் என்று அவற்றில் பல வகை. பொன்வட்டமும் பச்சைப் பின்னணியும் தஸ்பீஹும் பிசித்ர் காலத்திலிருந்து அப்படியே இறங்கி வந்தவை. தமிழ் முஸ்லிம்களின் வீடுகளுக்கு அவற்றில் அதிகம் வந்து சேர்ந்தவை ஆள் இல்லாத படங்கள்: பக்தாதில் 1535 அளவில் சுலைமான் சுல்தான் புதுப்பித்த ஜீலானியின் அடக்கத்தலக் குப்பா, நாகூரின் மினாராக்கள், மதீனா. கந்தூரி முடிந்து பலாங்கொடைக்குத் திரும்பும் பஸ்ஸில் மூதாட்டிகளின் மடியில் இருப்பவை நேர்ச்சைச் சோற்றுப் பொதியும் குகைப் பாறையிலிருந்து நிரப்பிய தண்ணீர்ப் போத்தலும்.